பூக்காத பதினோரு வருஷம்

நம் எல்லோருக்கும் வருஷக் கணக்கு ஒன்றுதான். மார்ச் 31 வந்தால் கம்பெனிகள் கணக்கை முடித்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு முழுப் பரீட்சை. மாமரம்கூட வருஷம் தவறாமல் பூத்துத் தன் கணக்கை ஒப்படைத்து விடுகிறது.

குறிஞ்சியின் கணக்கு வேறு. 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் அது பேரேட்டைத் திறக்கும். பூத்து, காய்த்து, விதையைக் கொட்டிவிட்டு, பேரேட்டை மட்டுமல்ல, கடையையே மூடிவிட்டுச் செத்துப் போகும்.

‘இது தெரிஞ்ச விஷயம்தானே?’ என்கிறீர்களா? சரிதான். 2006-லும் 2018-லும் குறிஞ்சி பூத்தபோது டி.வி., பத்திரிகை எல்லாவற்றிலும் நீலம் நீலமாகப் பார்த்திருப்பீர்கள். சிலர் கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ நேரில் போய்ப் படம் எடுத்துக்கொண்டும் வந்திருப்பீர்கள்.

ஆனால், ஒரு கேள்வி. மீதி 11 வருஷம் அந்தச் செடி என்ன செய்கிறது? அதைவிட முக்கியமாக, அந்த 11 வருஷமும் அந்தச் செடியை நாம் என்ன செய்கிறோம்?

குறிஞ்சியின் சரித்திரம் பூத்த வருஷங்களில் இல்லை. பூக்காத வருஷங்களில்தான் இருக்கிறது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். பெயர் பெரிது, ஆள் சிறிது. நீலக்குறிஞ்சி ஒரு புதர்ச்செடி. காற்று அடிக்கும் திறந்த மலைச்சரிவுகளில் முழங்கால் உயரம்தான் இருக்கும். ஒதுக்குப்புறமான இடம் கிடைத்தால் இன்னும் உயரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டருக்கு மேல், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் வளரும். நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறுப் பக்கத்து மலைகள் இவையே அதன் வீடு.

ஒரு பூவைத் தனியாகப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தால், ‘இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று தோன்றும். சின்ன மணி மாதிரி, வெளிர் நீலத்தில் ஒரு பூ. நாளாக ஆக நீலம் ஊதாப் பக்கம் சாயும். அவ்வளவுதான். ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு செடிகூடப் பாக்கி இல்லாமல் ஒரே சமயத்தில் பூக்கிறதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஏன் எல்லாம் சேர்ந்து பூக்க வேண்டும்? விதைகளைத் தின்ன பறவைகளும் பூச்சிகளும் காத்திருக்கின்றன. காட்டுக்கோழிக்குக் குறிஞ்சி விதை என்றால் விருந்து. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால் மொத்தத்தையும் தின்று தீர்த்துவிடும். அதனால் 11 வருஷம் பட்டினி போட்டுவிட்டு, 12-ம் வருஷம் யாராலும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டுவது என்று ஒரு வழி. தாவரவியல்காரர்கள் சொல்லும் விளக்கம் இது. கல்யாண வீட்டில் எவ்வளவு சாப்பிட்டாலும் பந்தியில் மிச்சம் இருக்கும் இல்லையா, அந்த மிச்சத்தில்தான் அடுத்த தலைமுறை முளைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. தாய்ச்செடி செத்துவிட்டது. விதை மண்ணில் கிடக்கிறது. முளைத்து வரும் கன்று பூக்க 12 வருஷம் ஆகும். நடுவில் யாராவது அந்தச் சரிவைக் கொத்திப் புரட்டிவிட்டால்? அந்த இடத்தில் கணக்கு முடிந்தது. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே குறிஞ்சிக்குக் கிடையாது.

(ஒவ்வொரு மலைக்கும் தனிக் கணக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018-ல் ஊரெல்லாம் பூத்து முடிந்த பிறகு, 2022-ல் இடுக்கி மாவட்டத்தின் கள்ளிப்பாறை மலை தன் முறைக்குத் தனியாகப் பூத்தது. ஆனாலும் 1982, 1994, 2006, 2018 என்று வருவதுதான் பெரும்பூப்பு.)

குறிஞ்சி எந்த மாதிரி இடத்தில் வளர்கிறது என்பது இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம். நம் மேல்மலைகளின் இயற்கையான தோற்றம், நாம் இன்று ஊட்டி என்றதும் கற்பனை செய்கிற மாதிரி நெடுநெடு மரங்கள் அடர்ந்த காடு அல்ல. மேலே அலை அலையாகப் புல்வெளி. மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில் மட்டும் குட்டையான, அடர்ந்த காடு. அந்தக் காட்டுக்குப் பெயர் சோலை. வெள்ளைக்காரனுக்கு இதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நம் ‘சோலை’யையே ‘ஷோலா’ ஆக்கிக்கொண்டான். இன்று உலகத் தாவரவியல் புத்தகங்களிலும் ஷோலாதான்.

குறிஞ்சி வளர்வது சோலைக்குள் இல்லை. வெயிலும் காற்றும் படுகிற புல்வெளியில்.

மலையில் காலம்காலமாக இருந்தவர்களுக்கு இது எல்லாமே தெரிந்திருந்தது. நீலகிரியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இந்தப் புல்லைத்தான். அவர்கள் வாழ்க்கை, வழிபாடு எல்லாமே எருமையைச் சுற்றித்தான். எருமைக்கு ஆதாரம் புல்வெளி. பழனி மலைப் பளியர்கள் வயதையே குறிஞ்சியில்தான் கணக்கிட்டார்கள். ‘நான் நாலு குறிஞ்சி பார்த்தவன்’ என்றால் ஐம்பது வயதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும் ஆள் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். பர்த் சர்டிபிகேட் தேவையே இல்லை.

மலையைச் சேர்ந்த நிலத்துக்கே இந்தப் பூவின் பெயரை வைத்தவர்கள் சங்கத் தமிழர்கள். கபிலர் ‘குறிஞ்சிப்பாட்டில்’ அடுக்கிய 99 பூக்களில் குறிஞ்சியும் ஒன்று. ‘குறுந்தொகை’யில் ஒரு பெண் தன் காதலனின் ஊரைச் சொல்லும்போது, குறிஞ்சிப் பூவில் தேனீ எடுக்கும் தேனைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறாள். தேன் எடுக்கிற அளவுக்கு மலை முழுக்கப் பூத்திருந்தது என்று அர்த்தம்.

இப்போது சரித்திரத்துக்குள் போவோம்.

1819. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலை ஏறுகிறார். சமவெளியில் வெந்துகொண்டிருந்த மனிதருக்கு மேலே போனதும் சொர்க்கத்தில் கால் வைத்த மாதிரி இருந்தது. ‘சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கிறது’ என்று தாமஸ் மன்றோவுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த சில வருஷங்களில் ஊட்டியில் கல்வீடு எழும்பியது, ஏரி வெட்டப்பட்டது. உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கறிகளும் வந்தன.

சல்லிவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரே நிறைய நிலம் வைத்திருந்தார் என்றாலும், ‘இந்த மலை நிலம் தோடர்களுக்குச் சொந்தம், எடுத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்’ என்று சர்க்காரோடு வாதாடிய ஆளும் அவர்தான். ஆனால், சர்க்காரின் ரெவின்யூ மூளை அப்படி யோசிக்கவில்லை.

அந்த மூளை எப்படி யோசிக்கும்? காமர்ஸ் படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் வர வேண்டும். நஞ்சை ஒரு தலைப்பு, புஞ்சை ஒரு தலைப்பு. வெட்டி விற்க மரம் இருந்தால் காடு. இந்தப் புல்வெளியை எதில் சேர்ப்பது? உழவில்லை, வரி வரவில்லை, தடி மரம் இல்லை. எழுது... ‘தரிசு’.

ஒரே ஒரு வார்த்தை. மலையின் தலையெழுத்தை மாற்றிய வார்த்தை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் பார்த்ததில் பொய் இல்லை. 12-ல் 11 வருஷம் போய்ப் பார்த்தால், குறிஞ்சிச் சரிவு என்பது புல்லும் பச்சைப் புதரும்தான். ஒரு பூ கிடையாது. ஒரு காசு வருமானம் கிடையாது. வருஷக் கணக்கு எழுதுகிறவன் கண்ணில் 12 வருஷக் கணக்கு எப்படிப் படும்?

தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்த வேலை சுலபம். தரிசை ‘உருப்படியாக்க’ வேண்டும். 1860-களில் தரிசு நிலங்களை விற்கவும் ஏலம் விடவும் விதிகளே வந்துவிட்டன. காபி வந்தது, தேயிலை வந்தது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர், பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். இன்று மூணாறு போகிறவர்கள் ‘என்ன பச்சை, என்ன பச்சை!’ என்று வியக்கிறார்களே, அந்தத் தேயிலைப் பச்சைக்கு ஆரம்பம் அங்கேதான்.

இன்னொரு பக்கம் குளிர். ஊட்டியில் குடியேறிய துரைமார் வீடுகளில் கணப்பு எரிய வேண்டும். சமையலுக்கும் விறகு வேண்டும். சோலை மரங்களை வெட்டினார்கள். சோலை மரமோ ரொம்ப மெதுவாக வளர்கிற ஜாதி. சில வருஷங்களிலேயே விறகுப் பஞ்சம் வந்துவிட்டது. சீக்கிரம் வளர்கிற மரம் எங்கே இருக்கிறது என்று தேடி, ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு விருந்தாளிகளைக் கூட்டி வந்தார்கள். ஒன்று யூகலிப்டஸ், நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். இன்னொன்று வாட்டில், மலைமேல் அதற்குப் பெயர் சீகை மரம். 1840-களிலேயே இரண்டும் நீலகிரியில் வேர்விட்டாயிற்று.

எங்கே நடுவது? இருக்கவே இருக்கிறது தரிசு!

2018-லிருந்து 12, 12-ஆகப் பின்னால் கழித்துப் பாருங்கள். 1826, 1838, 1850, 1862... என்று வரும். கணக்குப்படி, சல்லிவன் மலையேறியதிலிருந்து 1947 வரை குறிஞ்சி 11 முறை பூத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெள்ளைக்காரர்களும் அதைப் பார்த்து வாய் பிளந்தார்கள், எழுதி வைத்தார்கள். ஆனால், பூ உதிர்ந்ததும் அதே சரிவு மறுபடி ‘தரிசு’ ஆகிவிட்டது.

இந்தக் கதையில் நெகிழ வைக்கிற ஒரு விதிவிலக்கும் உண்டு. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 1936-ல் அதைக் கட்டியவர் ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி. இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு, இந்துவாக மாறி, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டவர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள் குறிஞ்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி குறிஞ்சியின் பெயரால் முருகனுக்குக் கோயில் கட்டினார். சரித்திரத்துக்குக் குறும்பு ஜாஸ்தி.

‘சரி, வெள்ளைக்காரன் போனதும் நிலைமை மாறியிருக்குமே?’

அதுதான் இல்லை. இன்னும் மோசமானது.

1952-ல் சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய வனக் கொள்கை வந்தது. நாட்டில் மூன்றில் ஒரு பங்கும், மலைப் பகுதிகளில் 60 சதவிகிதமும் காடாக இருக்க வேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால், காடு என்றால் மரம்; மரம் இல்லாவிட்டால் காடு இல்லை. அப்படியானால் புல்வெளி? காடாக்கப்பட வேண்டிய காலி இடம். துரைகள் விறகுக்காக ஆரம்பித்ததை நம் வனத்துறை இலக்கு வைத்துச் செய்தது. சீகை மரப்பட்டை தோல் பதனிடப் போனது. கற்பூர மரம் ரேயான் நூலுக்கான மரக்கூழாகப் போனது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி மேல் வரிசை வரிசையாகக் கன்றுகள் ஏறின. கேரளத்துப் பக்கம் வட்டவடையிலும் கோட்டைக்கொம்பூரிலும் அதே யூகலிப்டஸ், அங்கே ‘கிராண்டிஸ்’ என்ற பெயரில்.

மரம் நடுவது நல்ல காரியம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்திருக்கிறோம். யார் எதிர்ப்பார்கள்? மரத்தடியில் நிழல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தில் புல் செத்தது. புல்லோடு குறிஞ்சியும் செத்தது. யாரும் கோடரி எடுத்துக் குறிஞ்சியை வெட்டவில்லை. சும்மா... நிழல் விழுந்தது, அவ்வளவுதான்.

எவ்வளவு போயிற்று? பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்கு இது: நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. மரத்தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் மாறிவிட்டது. இது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு இல்லை. 1973-க்குப் பிறகு, நம் கண்ணெதிரே நடந்தது.

‘ஒரு பூ இல்லாவிட்டால் குடி முழுகிவிடுமா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதில், பூவில் இல்லை. புல்லின் அடியில் இருக்கிறது. மலையுச்சியில் கொட்டுகிற மழையை இந்தப் புல்வெளி மண் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. அந்த ஓடைகள் சேர்ந்துதான் பவானி. அந்த ஓடைகள் சேர்ந்துதான் பாம்பாறு. அது போய்ச் சேர்வது அமராவதியில். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் உடுமலையிலும் கரூரிலும் குழாயைத் திறக்கிறவர்கள், மேலே தரிசு என்று எழுதப்பட்ட அந்த நிலத்தின் தண்ணீரில் ஒரு பங்கைக் குடிக்கிறார்கள்.

‘காட்டை வெட்டியதால் வந்த பொட்டல்தானே அந்தப் புல்வெளி?’ என்று ஒரு வாதம் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் விடை கிடைத்துவிட்டது. நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்துக் காலத்தைக் கணக்கிட்டார்கள். 20,000 வருஷங்களுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. தோடர் எருமைக்கு முன்பு, கோடரிக்கு முன்பு, கபிலருக்கு வெகு வெகு முன்பு. தரிசு அல்ல, நம் எல்லோரையும்விட மூத்த குடி.

அப்படியானால் மிச்சம் இருப்பது எப்படி மிஞ்சியது? இங்கேயும் சரித்திரத்தின் குறும்பு. மூணாறை ஒட்டிய இரவிகுளம் புல்வெளியைத் தேயிலைத் தோட்டத் துரைகள் விட்டு வைத்ததற்குக் காரணம் இயற்கைப் பாசம் இல்லை, வேட்டை. வரையாடு சுட ஒரு இடம் வேண்டும் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1928-லிருந்து அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். காவலுக்கு முதுவர்கள். கேரள அரசு 1971-ல் சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. துப்பாக்கிக்காகக் காப்பாற்றப்பட்ட புல்வெளியில்தான் இன்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு குறிஞ்சி பார்க்கப் போகிறார்கள்.

2006-ல் குறிஞ்சி பூத்தபோது அரசாங்கங்களுக்கும் கொஞ்சம் உறைத்தது. மே மாதம் தபால்துறை 15 ரூபாய் ஸ்டாம்ப் வெளியிட்டது. அக்டோபரில் கேரளா, வட்டவடை, கோட்டைக்கொம்பூர் பக்கம் சுமார் 32 சதுர கிலோமீட்டரைக் ‘குறிஞ்சிமலை சரணாலயம்’ என்று அறிவித்தது. ஒரு பூவுக்காகச் சரணாலயம்! கைதட்டலாம். ஆனால், பூ உதிர்ந்த பிறகு எல்லை எது, பட்டா யாருடையது என்ற தகராறு வருஷக்கணக்கில் இழுத்தது. தலைமுறையாக அங்கே பயிர் செய்கிற ஏழை விவசாயி ஒரு பக்கம். சந்தேகத்துக்கிடமான பட்டாக்கள் இன்னொரு பக்கம். முன்னவரின் நியாயத்தைக் கேட்காமல் எந்தச் சரணாலயமும் நிலைக்காது என்பதும் உண்மை.

அப்புறம் சட்டம் வந்தது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காக்கப்பட வேண்டிய தாவரங்களின் பட்டியலில் நீலக்குறிஞ்சி சேர்ந்தது. அதே 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. 2024-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தன் சிவப்புப் பட்டியலில் குறிஞ்சியை ‘அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம்’ என்று பதிந்தது.

எல்லாம் நல்லதுதான். ஆனால், கவனியுங்கள்: பூவைப் பறித்தால் தண்டிக்கலாம். பூ இருக்கிற வருஷத்தில் அது சரி. செத்துப்போகப் போகிற செடியிலிருந்து நாலு பூவைப் பறிக்கிறவனால் வரும் நஷ்டம் கொஞ்சம். பூ இல்லாத வருஷத்தில் ஒரு சரிவை ஜே.சி.பி. விட்டு வழித்து காட்டேஜ் கட்டுகிறவனால் வரும் நஷ்டம்? அது மொத்த வம்சம். முதலாமவன் கையும் பூவுமாகப் பிடிபடுவான். இரண்டாமவனைப் பிடிக்கவேண்டுமென்றால், அந்தச் சரிவில் இருந்தது தரிசு அல்ல என்று சொல்லத் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி நீங்களும் நானும்தான்.

2018-ல் விழுந்த விதைகள் முளைத்து, இப்போது பச்சைப் புதராகச் சத்தம் போடாமல் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்த பெரும்பூப்பு 2030. அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். ஹோட்டல் ரூம் கிடைக்காது. சந்தேகமே வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒருமுறை மலைக்குப் போங்கள். பூ ஒன்றுகூட இருக்காது. கூட வந்த பிள்ளைகள் அந்தப் புல் சரிவைப் பார்த்துவிட்டு, ‘இங்க ஒண்ணுமே இல்லையேப்பா?’ என்று கேட்பார்கள்.

இருநூறு வருஷம் முன்னால் ரெவின்யூ ஆபீஸர் சொன்னதும் அதைத்தான். நீங்களாவது வேறு பதில் சொல்லுங்கள்.